பன்னிரண்டாவது வீடு

தென்காசி,
5 ஜனவரி 2026

அனுசியாவுக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் சு. உச்சிமாகாளி, வயது அறுபத்திரண்டு, வழக்கறிஞர் மற்றும் நோட்டரி, தென்காசியிலிருந்து மேலகரம் செல்லும் சாலையை ஒட்டிய கிணற்றடித் தெருவில் கதவு எண் 12இல் வசிப்பவன், உன் கணவன்.

2. சென்ற டிசம்பர் பதினோராம் தேதி காலை நீ இரண்டு பைகளுடன் இலஞ்சியிலுள்ள உன் தங்கை முத்துவடிவு வீட்டுக்குப் புறப்பட்டுச் சென்றாய். இன்றோடு இருபத்தைந்து நாட்கள் ஆகின்றன. தொலைபேசியில் பேசினால் இருமல் வருவதாகவும், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பும்படியும் முத்துவடிவு மூலம் தெரிவித்தாய். அதன்படி எழுதுகிறேன்.

3. புறப்படும்போது வாசலில் நின்று நீ சொன்னது: "நீங்க எழுதிக் குடுத்த காயிதம்தான் என் நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு." அதற்குப் பதில் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

4. நம் தெருவின் தென்கோடியில் பாண்டியராஜ் 2024 ஏப்ரலில், எம்-சாண்ட் எனும் கல்மணலைக் கொட்டி விற்கும் யார்டு தொடங்கினார். பின்னர் உரிமம் கோரியபோது, தெருவாசிகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் அவருக்குத் தேவைப்பட்டது. அவருடைய வழக்கறிஞன் என்ற முறையில் அவ்வாண்டு ஆகஸ்டில் அதை நான் எழுதிக் கொடுத்தேன். பதினொரு வீட்டார் கையொப்பமிட்டனர். "கீழ்க்கண்ட பதினொரு வீடுகளில் மூச்சு சம்பந்தமான நோயுள்ளவர் எவருமில்லை" என்பது அதிலுள்ள வாக்கியம். எழுதப்பட்ட நாளில் அது உண்மை. அதில் ஒரு சொல்லையேனும் பொய்யென்று எவரும் நிரூபிக்க இயலாது.

5. உன் இளைப்பு யார்டு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. ஆகவே காரணம் யார்டுதான் என்பது உன் நம்பிக்கை, நிரூபணம் அல்ல. இது டில்லியும் அல்ல. ஆண்டில் மூன்று மாதம் சாரல் விழும் ஊர். எனினும் சர்ச்சையைத் தீர்க்கும் பொருட்டு, காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்றை வரவழைத்து முன்னறை மேசையில் வைத்திருக்கிறேன். முடிவு எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் தெரிவிப்பேன்.

6. உன் நீல நிற இன்ஹேலர் ஒன்று சமையலறை அலமாரியில் தங்கிவிட்டது. காலாவதியாக ஜூன் மாதம் வரை அவகாசம் இருக்கிறது. அனுப்பவா?

7. வேறு விசேஷம் இல்லை. சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியின் மேல் தூசி படிந்திருந்தது, துடைத்தேன். மறுநாளும் படிந்திருந்தது.

இப்படிக்கு,
சு. உச்சிமாகாளி


இலஞ்சி,
9 ஜனவரி 2026

அத்தானுக்கு,

கடிதம் நேற்று வந்தது. உறையில் தேவைக்கு மேல் தபால்தலை ஒட்டியிருந்தீர்கள். இருபத்தொன்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

முத்துவடிவு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, அத்தான் ஒனக்கு லெட்டர் போட்டிருக்காவளா, நோட்டீஸ் விட்டிருக்காவளா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். சிரித்ததில் கால் மணி நேரம் இருமினேன். இனிமேல் சிரிப்பு வரும்படி எழுதாதீர்கள்.

எனக்கு எண் போட்டு எழுத வராது. தோன்றுவதை எழுதுகிறேன்.

தெருவில் பன்னிரண்டு வீடு. உங்கள் காகிதத்தில் பதினொன்று. நீங்கள் மறந்துபோய் ஒரு வீட்டை விடுகிற ஆள் இல்லை. சலவைக்குப் போடும் கைக்குட்டையைக்கூட எண்ணிப் போடுகிறவர். பன்னிரண்டாவது வீட்டில் நான் இருந்தேன். என்னைச் சேர்த்தால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். பொய் எழுத உங்களுக்குக் கை வராது. அதனால் வீட்டையே எடுத்துவிட்டீர்கள். பொய் எழுதியிருந்தால் என்றைக்காவது ஒருநாள் உறுத்தியிருக்கும். இது உறுத்தாது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் காகிதத்தில் இரண்டாவது சாட்சி நான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, நீங்கள் விரல் வைத்த இடத்தில் எழுதிவிட்டுப் போனேன். முப்பது வருஷமாக அப்படித்தானே. உயிலோ, குத்தகையோ, பாகப்பிரிவினையோ, சாட்சிக்கு ஆள் குறைந்தால் "அனுசியா, இங்கன ஒரு கையெழுத்து" என்பீர்கள். எத்தனை குடும்பத்துச் சொத்துக்கு நான் சாட்சி என்று எனக்கே தெரியாது. ஒன்றைக்கூட வாசித்ததில்லை. என் சொந்த மூச்சுக்கு எதிராகவும் அப்படியே போட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு குழாய் கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் ஊதி, முள் நிற்கும் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்த அன்று 180. இன்று காலை 270. நல்ல நெஞ்சுக்கு 320 வரை போகுமாம்.

இன்ஹேலரை அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்.

அனுசியா


தென்காசி,
23 ஜனவரி 2026

அனுசியாவுக்கு,

1. செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு நான் முழுப் பொறுப்பேற்கிறேன்.

2. நீதிமன்றம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து தலை வாரிக்கொண்டு, முன்னறைக் கொக்கியில் தொங்கிய மற்றொரு கோட்டை மாற்றி அணிந்துகொண்டு, நேரே இலஞ்சிக்கு வந்தேன். உன்னைக் காண வரும்போது சற்றுச் சுத்தமாக வர வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கோட்டு டிசம்பரிலிருந்து அதே கொக்கியில் தொங்கியது என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை.

3. "என்ன அத்தான், கேட்டப் புடிச்சிக்கிட்டே நிக்கிய? உள்ள வாங்க, காப்பி போடுதேன்" என்று முத்துவடிவு அழைத்தாள். நீ எனக்கு எதிரே அமர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இழுப்பு தொடங்கியது. உன் தோள்கள் ஏறி இறங்கியதைப் பார்த்தபடி, என்ன செய்வதென்று அறியாமல் நின்றேன். முத்துவடிவுதான் கண்டுபிடித்தாள். "கோவிச்சுக்கிடாதிய அத்தான். மொதல்ல அந்தக் கோட்டக் களட்டிட்டு வெளிய போங்க. அக்காவால முடியல." வாசலில் வந்து உதறினேன். உனக்குக் காட்ட எடுத்துவந்த கருவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான் வந்து இறங்கியபோது அதே வாசலில் 19 காட்டியது, கோட்டை உதறிய இடத்தில் 160 காட்டியது.

4. நம் வீட்டு அளவுகளைத் தெரிவிப்பதாக வாக்களித்திருந்தேன். காலை ஐந்து மணி, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் லாரிகள் யார்டு வாசலில் வரிசையாக என்ஜினை அணைக்காமல் நிற்கும் நேரம்: 148. முற்பகல் பதினொன்று: 92. மாலை நான்கு: 71. பதினான்கு நாட்களின் சராசரி 97. நாட்டின் அளவுகோலின்படி ஒரு நாளின் சராசரி அறுபதைத் தாண்டலாகாது.

5. கருவி பிழையானதாக இருக்கக்கூடும் என்று ஐயுற்று, வேறொரு நிறுவனத்தின் கருவியையும் வரவழைத்தேன். அது 101 என்கிறது. இப்போது மேசையில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. பேச்சுத்துணை இல்லாத வீட்டில், எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

6. இக்கருவிகளின் அளவு சட்டப்படி சான்றாகாது என்பதையும் பதிவு செய்கிறேன். என் அளவில் அவற்றை நான் ஏற்கிறேன்.

சு. உச்சிமாகாளி


இலஞ்சி,
27 ஜனவரி 2026

அத்தானுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வருவதற்கு முன் ஊதியது 290. நீங்கள் போன பிறகு 210. பழையபடி ஏற மூன்று நாள் ஆனது. கணக்குக்காக எழுதுகிறேன், குறையாக இல்லை.

கோட்டை மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நீங்கள் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். கூப்பிட நினைத்தேன். சத்தம் வரவில்லை.

இப்போதைக்கு வராதீர்கள்.

முத்துவடிவு, "அத்தானும் இங்கனயே வந்துரலாம்லா?" என்கிறாள். உங்கள் கட்சிக்காரர்கள் தேடி வரும் வீடு, உங்கள் அப்பா கட்டிய வீடு, நீங்கள் விட மாட்டீர்கள் என்று சொன்னேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் நான் ஒரு வேடிக்கை. கோயிலுக்குப் போகும் வழியில் ஒருத்தி, "தென்காசிக்காரிக்கு என்னட்டி காத்துப் பஞ்சம்?" என்று கேட்டாள். சீசனுக்கு ஊரெல்லாம் காற்று வாங்க வரும் இடத்தில், பக்கத்து ஊரிலிருந்து மூச்சு வாங்க வந்தவள் நான் ஒருத்திதான்.

உங்கள் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? அன்றைக்குப் பார்த்தால் பரட்டையாக இருந்தது. வாரிக்கொண்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

அனுசியா


தென்காசி,
7 பிப்ரவரி 2026

அனுசியாவுக்கு,

1. எண்ணெய் தேய்ப்பதில்லை. இனித் தேய்க்கிறேன்.

2. புதன்கிழமை பாண்டியராஜ் வந்தார். யார்டின் உரிமம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியுடன் முடிகிறது. புதுப்பிக்கும் மனுவோடு தெருவாசிகளின் கடிதத்தை மீண்டும் இணைக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "அண்ணாச்சி, பழைய லெட்டர்ல தேதிய மட்டும் மாத்திக் குடுங்க. அதே பதினோரு வீடு, அதே ஆளுவ. ஒன்றர வருசத்துல காத்துக்கு என்ன, வயசாயிரவா போகுது?"

3. "ஆளு அதேதான் பாண்டியராஜ். நெஞ்சு அதேதானான்னு பாக்கணும்லா" என்றேன். அவர் சிரித்தார். "குத்தாலத்துக் காத்தக் குடிக்க மெட்ராஸ்ல இருந்து பஸ் புடிச்சு வாராவ. நம்ம தெருவுல மூச்சு முட்டுதுன்னு எழுதுனா ஊரே சிரிக்கும் அண்ணாச்சி. மைனிக்கு ஒடம்புக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். காத்தக் களுவுத மிசினு ஒண்ணு வந்திருக்காம். நாளைக்கே வாங்கி வச்சிருதேன்." அவர் அதைக் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. இயந்திரம் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கடிதம் வேண்டாம் என்று மறுக்கவில்லை. பார்த்துச் சொல்வதாகக் கூறினேன்.

4. வெள்ளிக்கிழமை மாலை ஏழாம் எண் வீட்டு ஹாஜரா பீவி வந்தார். நம் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அவரை நீ அறிவாய். பதினொரு கையொப்பங்களில் ஏழாவது அவருடையது. தாழ்வார நாற்காலியில் அமர்ந்து, பேசுவதற்கு முன் சற்று நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "காலையில வெட்டிப்போட்ட வெள்ளத்துணி சாயங்காலம் சாம்பலா கெடக்கு வக்கீலய்யா" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்கு நோய் இல்லன்னு எழுதுன காயிதத்துல ஒப்பு வச்சேன்லா. இப்ப வந்துட்டு. அதுக்கு எங்கன ஒப்பு வைக்கணும்?"

5. நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் நிற்கிறேன். இப்படியொரு கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே இடம் கேட்டார்.

6. என் நிலையைக் கூறிவிடுகிறேன். பாண்டியராஜ் என் கட்சிக்காரர். ஒரு விவகாரத்தில் ஒருவருக்கு வழக்கறிஞனாக இருந்துவிட்டு, அதே விவகாரத்தில் அவருக்கு எதிராக நிற்கலாகாது. அவர் என்னிடம் சொன்னதையும், நான் அவருக்குச் சொன்னதையும் வெளியிடலாகாது. என் வாயைச் சட்டம் கட்டியிருக்கிறது. நான் சாக்குச் சொல்வதாக நீ எண்ணக்கூடும். சென்ற இரண்டு நாட்களாக எனக்கும் அந்த ஐயம் இருக்கிறது.

7. உன் குழாயின் எண்களை என் கருவியின் எண்களுக்கு எதிரே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கருவி ஏறிய இடத்தில் நீ இறங்கியிருக்கிறாய். கடைசி வரியில் என் பக்கம் 97, உன் பக்கம் 290. அத்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

சு. உச்சிமாகாளி


இலஞ்சி,
12 பிப்ரவரி 2026

அத்தானுக்கு,

திங்கட்கிழமை பெரிய சோதனைக்குப் போனோம். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்த குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை ஊதுவதற்குள் கண் இருட்டிவிட்டது. டாக்டரம்மா பெர்சிஸ் சின்ன வயசுதான், ஆனால் பூசி மெழுகத் தெரியாது. "இவ்வளவு நாள் நீங்க பத்திரமா வச்சிருந்த நெஞ்சு, ரெண்டு வருசத்துல கால்வாசி சுருங்கியிருக்கு. போனது முழுசாத் திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தணும்னா அந்தத் தெருவுக்கு இப்பப் போகாதீங்க" என்றாள். யார்டு இருக்கும் வரைக்குமா என்று கேட்டேன். "இருக்கற வரைக்கும்" என்றாள். அவ்வளவுதான் செய்தி.

முத்துவடிவு வரும் வழியெல்லாம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அழுதாலும் இருமல்தானே.

நேற்று அவள் பாயசம் வைத்தாள். எதற்கென்று உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

ஹாஜரா கேட்டதைப் படித்தேன். அவளாவது நேரில் வந்து கேட்டாள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லாமல். இப்போது கேட்கிறேன். 2024 ஆனி கடைசி இருக்கும். முன்னறைக்குக் காபி கொண்டுவந்தேன். பாண்டியராஜ் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவரிடம், "ஆடியில அளங்க. சாரல் கழுவிரும்" என்றீர்கள். எதை அளக்க, எதைக் கழுவ என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. முன்னறையில் பேசுவது காதில் விழக்கூடாது, விழுந்தாலும் தங்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். வக்கீல் வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தை தங்கிவிட்டது.

எதை அளக்கச் சொன்னீர்கள்? உங்கள் வாயைச் சட்டம் கட்டியிருந்தால் சொல்ல வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எழுதவும் வேண்டாம்.

அனுசியா


தென்காசி,
24 பிப்ரவரி 2026

அனுசியாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆயின. இம்முறை எண்ணிட்டு எழுத முயன்று, மூன்று தாள்களைக் கிழித்தேன்.

கட்சிக்காரருக்குக் கூறிய யோசனையை மனைவியிடமும் கூறலாகாது. அந்த விதியை நான் இதுவரை ஒருமுறையும் மீறியதில்லை. இப்போது மீறுகிறேன்.

காற்றைத்தான் அளக்கச் சொன்னேன். யார்டைச் சுற்றிக் காற்றின் தரத்தை ஒரு நாள் அளந்து அறிக்கை தர வேண்டும் என்று உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அவரிடம் கேட்டிருந்தார்கள். எந்த நாள் என்று கேட்கவில்லை. எந்த நாளும் கேட்கப்படாதபோது, தமக்கு உகந்த நாளைத் தேர்ந்துகொள்வது சட்டவிரோதமல்ல. சாரல் மும்முரமாக விழுந்த ஜூலை மாதத்து ஒரு பிற்பகலில் அளந்தார்கள். பதினொன்று வந்தது. இவ்வளவு சுத்தமான காற்றா என்று பாண்டியராஜே வியந்தார். அன்று நான் அதை என் திறமையென்று எண்ணினேன். வீட்டைப் பட்டியலிலிருந்து விலக்கியதையும் திறமையென்றே எண்ணினேன். உனக்கு எதிராக ஏதேனும் செய்கிறேன் என்ற நினைவே எனக்கு எழவில்லை. என் வாக்கியத்தைப் பத்திரமாக வைத்தேன். உன்னை வைக்கவில்லை.

பாண்டியராஜின் கோப்பை வெள்ளிக்கிழமை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். "இத்தன வருசம் பழகிட்டு இப்ப கையக் களுவுதியளே அண்ணாச்சி" என்றார். கட்சிக்காரரைக் கைவிட்டவன் என்று என் மீது அவர் புகார் செய்யலாம். நோட்டரிச் சான்றும் போகலாம். ஆராய்ந்து பார்த்ததில், அவர் சொன்னது எதையும் வெளியிடாமல், வழக்கறிஞனாக அல்லாமல், கதவு எண் 12இல் குடியிருப்பவனாக நான் பேச ஒரு வழி இருக்கிறது. பெரிய வழி அல்ல. அதற்குரிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையால் எழுதியது.

இலஞ்சிக்கு வந்துவிடலாமே என்று முத்துவடிவு கேட்டதாக எழுதியிருந்தாய். இம்மாதம் முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிய வீடு என்பது இனி ஒரு தடையல்ல. ஆனால் நான் இங்கிருந்து புறப்பட்டால் குடியிருப்பவன் என்ற தகுதி போய்விடும்; அதன் பிறகு இத்தாள் செல்லாது. பதினொரு வீடு என்று நான் எழுதியது உண்மையாகவே ஆகிவிடும். ஆகவே நான் இங்கே இருந்தாக வேண்டும், நீ அங்கே இருந்தாக வேண்டும். எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் சொன்னதைப் படித்த பிறகு, திரும்பி வா என்று உன்னைக் கேட்க மாட்டேன்.

முதல் சாட்சியாக ஹாஜரா பீவி கையொப்பமிட்டுவிட்டார். "இப்பத்தான் எடம் கெடச்சுது" என்றார். இரண்டாம் சாட்சியின் இடம் காலியாக இருக்கிறது. விரல் வைத்துக் காட்ட நான் அங்கே இருக்க மாட்டேன். முழுவதையும் படி. ஒரு சொல்லேனும் உனக்கு உடன்பாடில்லையென்றால், கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பு. வேறு எவரையும் அவ்விடத்தில் நான் கேட்கப்போவதில்லை.

சில நாட்களாக எனக்கும் காலையில் வறட்டு இருமல் இருக்கிறது. உன் இன்ஹேலரைத் தொடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உச்சிமாகாளி

இணைப்பு: ஒன்று


உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, தென்காசி, கிணற்றடித் தெரு, கதவு எண் 12இல் குடியிருக்கும் சு. உச்சிமாகாளி அளிக்கும் வாக்குமூலம்

1. நான் மேற்கண்ட முகவரியில் பிறந்தது முதல் வசித்துவருகிறேன். இதை வழக்கறிஞனாக அல்ல, தெருவாசியாக மட்டுமே அளிக்கிறேன்.

2. எங்கள் தெருவில் உள்ள வீடுகள் பன்னிரண்டு. எம்-சாண்ட் யார்டுக்கு ஆட்சேபணை இல்லை என 2024 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட கடிதத்தில் பதினொரு வீடுகளே உள்ளன. விடுபட்ட வீடு என்னுடையது. அது தவறுதலாக விடுபடவில்லை.

3. அக்கடிதம் எழுதப்பட்ட நாளில் விடுபட்ட வீட்டில் மூச்சு நோயுள்ளவர் ஒருவர் இருந்தார்.

4. அவர் என் மனைவி அனுசியா, வயது ஐம்பத்தேழு, அஞ்சல் துறையில் விருப்ப ஓய்வு பெற்றவர். யார்டு இயங்கத் தொடங்கிய பிறகு அவருடைய நுரையீரலின் திறன் வெகுவாகக் குறைந்தது. மருத்துவ அறிக்கையின் நகல் பின்னர் தாக்கல் செய்யப்படும். அவரால் இப்போது தம் சொந்த வீட்டில் வசிக்க இயலவில்லை.

5. அக்கடிதத்தில் கையொப்பமிட்ட பதினொரு பேரில் குறைந்தது ஒருவருக்கு இப்போது மூச்சு நோய் உண்டு. மற்றவர்களைப் பரிசோதிக்க வேண்டுகிறேன்.

6. எங்கள் தெருவின் காற்றைச் சாரல் இல்லாத மாதத்தில், லாரிகள் நிற்கும் காலை ஐந்து மணிக்கு, முன்னறிவிப்பின்றி அளக்க வேண்டுகிறேன். அளக்க வருவோர் என் வீட்டு முன்னறையையும், அங்கே தொங்கும் துணிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்த நாளும் நான் வீட்டில் இருப்பேன்.

7. மேற்கண்டவை அனைத்தும் உண்மை. உண்மையாக இருக்கும் பொருட்டு எதுவும் விடப்படவில்லை.

24 பிப்ரவரி 2026
(ஒப்பம்) சு. உச்சிமாகாளி

சாட்சிகள்:

1. (ஒப்பம்) ஹாஜரா பீவி, கதவு எண் 7, கிணற்றடித் தெரு.

2. (ஒப்பம்) அனுசியா, கதவு எண் 12, கிணற்றடித் தெரு, தற்சமயம் இலஞ்சி.
28 பிப்ரவரி 2026. முழுவதும் இரண்டு தடவை படித்த பிறகு கையொப்பமிட்டேன். நான்காம் பத்தியில் என் வயது ஐம்பத்தேழு அல்ல. இம்மாதம் பதினோராம் தேதியோடு ஐம்பத்தெட்டு. அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். அத்தானும் பக்கத்தில் வைக்கவும்.